எரிந்த கட்சி, எரியாத கட்சி, நடுவில் ஒரு லொறிக்காரன்

2026 மார்ச் 5, வியாழக்கிழமை, பின்னேரம் 6.10. வீட்டில் இருப்பது மூன்று பேர். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது இரண்டு பேர். அப்பா சுவரோடு பேசுகிறார்.

கீழ்க்கணக்குத் தேயிலைத் தோட்டம், டிக்கோயா.

மதிப்புக்குரிய ஜீவராஜ் மாமாவுக்கு, உங்கள் தங்கை நாகலெட்சுமியின் மகன் கஜேந்திரன் பணிவோடு எழுதிக்கொள்வது. வத்தளையில் நீங்களும் அத்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். நாங்களும் சுகம். உடம்பை மட்டும்தான் சொல்கிறேன். “மரியாதையா எழுதுடா, மாமாவுக்கு வாட்ஸ்அப்ல தட்டுற மாதிரி தட்டாத” என்று அம்மா பக்கத்தில் நின்று சொன்னதால் இவ்வளவும் எழுதினேன். மரியாதை முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுதர்ஷினியைப் பெண் கேட்டுப் போக வேண்டும். அப்பா வரமாட்டேன் என்கிறார். அப்பா வராவிட்டால் பெண் இல்லை என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். காரணம், ஒரு பழைய ஆங்கிலப் படத்தில் வரும் லொறிக்காரன் செத்தானா இல்லையா என்பது. இதுதான் விஷயம். இனி வருவதெல்லாம் விளக்கம். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியில் தூங்கிவிடுகிறீர்கள். போன மாசம் நான் உங்கள் குறட்டைக்கு ‘சரிங்க மாமா, சரிங்க மாமா’ என்று ரீலோடு காசு தீரும் வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் கடிதம். ஹட்டன் ரிஃகானுக்குச் சாமான் கொண்டுவருகிற வேன் நாளை பின்னேரம் கொழும்புக்குத் திரும்புகிறது, அதில் அனுப்புகிறேன். உட்கார்ந்து வாசிக்க வேண்டாம், நின்றுகொண்டு வாசியுங்கள்.

நவம்பர் மழையில் கூத்து ஆடுகிற எங்கள் காமன் பொட்டல் சரிந்து தேயிலைக்குள் இறங்கியது உங்களுக்குத் தெரியும். கம்பம் நட இடம் இல்லை. அதனால் இந்த வருஷம் மாசியில் காமன் கூத்து இல்லை என்று முடிவானது. நீங்கள் ஒவ்வொரு வருஷமும் கூத்துக்கு வந்து ஒவ்வொரு வருஷமும் தூங்கியவர் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பார், மாசிப் பௌர்ணமிக்கு. ரதி அழுவாள். மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள், ஆனால் எழுந்தவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். அதோடு முடியாது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவே இல்லை என்று ஒரு கட்சியும் தப்புப் பறையை அடித்துக்கொண்டு விடிய விடிய லாவணி பாடுவார்கள். எங்கள் அப்பா முப்பது வருஷமாகச் சிவன் வேஷம், எரிந்த கட்சித் தலைவர். இஸ்டோரில் தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு போடுகிற மனுஷன், நெருப்பைப் பற்றி யார் பேசினாலும் பொறுக்காது. சுதர்ஷினியின் அப்பா அதே முப்பது வருஷமாக ரதி வேஷம், எரியாத கட்சித் தலைவர். நல்ல கங்காணி மீசை வைத்திருப்பவர், மாசி வந்தால் அதை எடுத்துவிட்டுச் சேலை கட்டிப் புருஷனுக்காக ஒப்பாரி வைப்பார், அவர் அழுதால் மேல் லயம் முழுக்க அழும். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன், ஆனால் இந்தக் கடிதத்தில் வீரய்யா என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எந்த மாமா என்று குழம்பி நீங்கள் தூங்கிவிடுவீர்கள். இந்த இரண்டு பேருக்கும் இந்த வருஷம் கூத்தும் இல்லை, லாவணியும் இல்லை. தொண்டையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். பொய்லரில் நெருப்பைப் போட்டு வால்வை மூடிவைத்த மாதிரி. நான் எலக்ட்ரோனிக்ஸ் டிப்ளோமா முடித்தவன், இதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

இளைஞர் மன்றத்துப் பையன்கள் வந்து, கூத்துதான் இல்லை, பௌர்ணமிப் போயா லீவுக்கு ஏதாவது செய்வோம் அண்ணே என்றார்கள். என்னிடம் புரொஜெக்டர் இருக்கிறது. ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பில் செத்துப் போனது என்று தூக்கிப் போட்டதை எடுத்து வந்து நான் உயிர் கொடுத்தது. படம் போடுவோம் என்றேன். ஹட்டன் டவுனில் போன் கடை வைத்திருக்கிறானே ரிஃகான், அவனுடைய வாப்பா மர்சூக் நானா முன்பு வீடியோ கடை நடத்தினார், அந்தக் காலத்துப் படமெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. “மச்சான், ஒரு பழைய யுத்தப் படம் ஈக்கி. சாமான் கிளியர். லவ்வும் ஈக்கி, லொறியும் ஈக்கி” என்றான். லொறி என்ன மாடல் என்று கேட்டேன். “அத நீயே பாத்துக்கோ” என்றான். ஃபைலின் பெயர் ‘பழைய யுத்தம் 3’. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். முதல் பத்து நிமிஷம் ஓட்டிப் படமும் சத்தமும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்தேன். சேர்ந்து வந்தது. தொழிலில் இதற்குச் சாம்பிள் பார்ப்பது என்று பேர். ஒரு மூட்டைக் கொழுந்தை யாராவது இலை இலையாகவா பார்க்கிறார்கள்?

மார்ச் 2, திங்கட்கிழமை, போயா. கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஏழு மணிக்குத் தோட்டமே பாயும் கம்பளியும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. படம் ஆங்கிலத்தில். அதனால் நான் மைக்கைப் பிடித்து விளக்கம் சொன்னேன். யுத்தம் நடக்கிறது, எங்கள் ஊர் மாதிரியே குளிர்மலை, ஒரு பழைய லொறி. ஒரு முரட்டு டிரைவர். ஒரு நர்ஸ். மலைக்கு அந்தப் பக்கம் காயப்பட்டவர்கள் கிடக்கிறார்கள், மருந்துப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவளுக்கு இவனைக் கண்டாலே பிடிக்காது. இவ்வளவும் நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். பிறகு டிரைவர் அவளைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினான். “லொறியில ஏறச் சொல்றான்” என்றேன். சுதர்ஷினியின் அம்மா அழகம்மா முன்வரிசையில் இருந்து திரும்பி, “தம்பி, அவ்வளவு நேரம் பேசுனானே, அவ்வளவுதானா?” என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். “அடப்பாவி மனுசா, எங்க வீட்டு ஆளு கணக்கால்ல இருக்கு.” எல்லாரும் சிரித்தார்கள். வீரய்யா சிரிக்கவில்லை.

அப்போதுதான் சுதர்ஷினி எழுந்து வந்தாள். முன்பள்ளி டீச்சர் அல்லவா, எந்தக் கூட்டத்திலும் எழுந்து வந்துவிடுவாள். “குடுங்க இங்க” என்று மைக்கை வாங்கி, “யுத்தம் இந்த மலைக்கும் வந்திருச்சு, நாளைக்கு நீயும் நானும் இருப்போமான்னு தெரியாது, ஆனா இந்த லொறியில ரெண்டு சீட்டு இருக்குன்னு சொல்றாரு” என்றாள். நான், “அவன் அப்படிச் சொல்லல” என்றேன். “அவரு கண்ணு சொல்லுது.” “கண்ணுக்கெல்லாம் அர்த்தம் சொல்ல முடியாது, டயலாக்குக்குத்தான் சொல்லணும்.” “ஒங்களால முடியாதுன்னு சொல்லுங்க.” மைக் ஓனில் இருந்தது மாமா. தோட்டமே கேட்டது. மேலே பங்களாவில் துரையின் நாய்கூடக் குரைப்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகு படம் முடியும் வரைக்கும் மைக் அவளிடம்தான். ரேடியேட்டர் ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் நான் வாங்கி, அதை எப்படி அடைக்க வேண்டும் என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்துத்தான் சிலர் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

இப்போது முக்கியமான இடம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் கிடங்கு. எதிரிப் படை நெருங்கிவிட்டது. டிரைவர் அவளை லொறி ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, போ என்று கையைக் காட்டிவிட்டு, தான் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தீ வைக்கிறான். எதிரி நிற்க வேண்டும், லொறி பாலத்தைத் தாண்ட வேண்டும், அதற்கு. கிடங்கு எரிகிறது என்றால் அப்படி எரிகிறது, கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவள் பாலத்தின் நடுவில் லொறியை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்குகிறது. உடனே சுவர் முழுக்கக் கறுப்பு. பின்னால் வயலின் மட்டும் வாசிக்கிறது. ஒரு நிமிஷம் பார்த்தேன், இரண்டு நிமிஷம் பார்த்தேன், கறுப்புதான், வயலின்தான். ஃபைல் பழுது என்று முடிவு செய்தேன். மைக்கை வாங்கினேன். “ஃபைல் பழுதாகிட்டுது. எப்பிடியும் படம் முடிஞ்ச மாதிரிதான். ஆள் செத்துட்டான். எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றேன்.

ஒருவரும் எழும்பவில்லை.

வீரய்யா மட்டும் எழும்பினார். தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, “யாரு செத்தது?” என்று கேட்டார். லொறிக்காரன் என்றேன். “நீ பாத்தியா?” கூரை விழுந்துச்சு மாமா, உள்ள பெட்ரோல் என்றேன். “பொணத்தப் பாத்தியா?” நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. “பெட்ரோல்ல எரிஞ்சா பொணம் ஏதுய்யா? அடுப்புல போட்ட விறக அடுத்த நாள் வந்து எங்கேன்னு கேப்பியா?” அவ்வளவுதான். நவம்பரில் இருந்து மூடிவைத்த வால்வு பறந்தது. யார் போய் எடுத்து வந்தார்கள் என்று தெரியாது, இரண்டு தப்பு வந்துவிட்டது. நெருப்பு மூட்டித் தப்புத் தோலைக் காய்ச்ச ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா நடுவில் வந்து,

கூரை விழுந்த பின்னே கட்டைக்கு ஏது மிச்சம் – அட
ஊரே பார்த்த நெருப்பச் சொல்ல ஒனக்கு என்ன அச்சம்

என்று எடுத்தார். வீரய்யா விடுவாரா,

முன்கதவச் சாத்துனத முழிச்சிருந்து பாத்தே – அந்தப்
பின்கதவத் தொறந்தவன எந்தக் கண்ணால் பாத்தே

என்று போட்டார். எரியாத கட்சி முழுக்க எழும்பி ஆடியது. பின்கதவு இருந்ததா என்று என்னிடம் கேட்டார்கள். திரும்ப ஓட்டிப் பார்த்தேன், கிடங்கின் பின்பக்கத்தைப் படத்தில் காட்டவே இல்லை. காட்டவில்லை என்றால் இல்லை என்று அப்பா, காட்டவில்லை என்றால் இருக்கலாம் என்று வீரய்யா. இரண்டுமே தர்க்கப்படி தப்பு என்று நான் சொன்னேன். இரண்டு கட்சியும் சேர்ந்து என்னை உட்காரச் சொன்னது. அந்த ராத்திரியில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கலைகிற நேரத்தில் வீரய்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் பயந்தபடியே, பெண் கேட்கிற விஷயம்தான். தை மாசமே வரச் சொல்லியிருந்தவர். “கஜேந்திரன், நான் கோவத்துல பேசல. மாசிப் பௌர்ணமியில ஒரு ஆள எரிச்சுட்டு எழுப்பாம விட்டா அந்தத் தோட்டத்துல நல்ல காரியம் நடக்காது. இது நான் சொல்றது இல்ல, நம்ம ஆளுக கப்பல் ஏறி வந்த நாள்ல இருந்து இருக்கிறது. எரிச்சவன் நீ. மூணாம் நாள் நீயே எழுப்பு. அதுக்குப் பொறகு எம்பொண்ணப் பத்திப் பேசுவோம்” என்றார். அது சினிமா மாமா என்றேன். “அழுதமா இல்லையா?” என்று கேட்டார். அழுதீங்க என்றேன். “அப்பறம் என்ன சினிமா?”

செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்திலேயே சண்டை தொடங்கிவிட்டது. கொழுந்து எடுக்கிற பெண்கள் கட்சி பிரிந்து நிரை பிடித்திருக்கிறார்கள், எரிந்த நிரை, எரியாத நிரை. சத்தம் கேட்டு வந்த, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா அதட்டுவார் என்று பார்த்தால், “கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்துச்சா?” என்று கேட்டாராம். அம்மாவிடம் எந்தக் கட்சி என்று கேட்டிருக்கிறார்கள். “எம்மகன் கல்யாணக் கட்சி” என்று சொல்லிவிட்டுக் குனிந்து கொழுந்து எடுத்தாராம். கூகுளில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தேன். படத்தின் பெயர் வருகிற இடம் ஃபைலில் வெட்டுப்பட்டிருக்கிறது. லொறி, யுத்தம், நர்ஸ், நெருப்பு என்று போட்டேன். தீயணைப்புப் பயிற்சி வீடியோ வந்தது. ரிஃகானுக்குப் போன் போட்டால் அவன் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருக்கிறான், வர வெள்ளிக்கிழமை ஆகும். “மச்சான், அவன் மௌத்தானா என்ன, ஹயாத்தா ஈந்தா என்ன, அவன் ஒனக்கு எவ்வளவு கடன் தர வேணும்?” என்று சிரிக்கிறான். சுதர்ஷினிக்கு மெசேஜ் போட்டேன், நான் என்ன செய்ய வேண்டும் என்று. “எழுப்புங்க” என்று ஒரே சொல் வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, “எனக்கும் அவரு சாகல” என்று இன்னொன்று.

உட்கார்ந்து யோசித்தேன். என்னிடம் இருப்பது அவன் சாகிற படம் மட்டும். இருக்கிற பொருளை வைத்துத்தான் ரிப்பேர் செய்ய வேண்டும். அந்தக் கடைசித் துண்டை வெட்டி எடுத்து, பின்னாலிருந்து முன்னால் ஓட்டினேன். சத்தத்தை எடுத்துவிட்டேன். மாமா, நான் ஏழு வருஷமாக இந்த ரிப்பேர் வேலை செய்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையும் செய்ததில்லை. செய்து முடித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அம்மா காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

நேற்று புதன்கிழமை, மூன்றாம் நாள். அதே மடுவம், அதே சுவர், டிக்கோயா டவுனில் இருந்தும் ஆட்கள். மைக் வேண்டாம் என்றேன். ஓட்டினேன். தரையில் சாம்பலாகக் கிடந்த கூரை மெதுவாக எழும்பியது மாமா. எழும்பிப் போய்ச் சுவரில் உட்கார்ந்தது. வானம் முழுக்க இருந்த புகை சுருண்டு சுருண்டு கிடங்குக்குள் திரும்பிப் போனது. நெருப்பு ஒடுங்கியது, தீக்குச்சி அளவுக்கு வந்தது, அவன் விரலில் போய் அணைந்தது. கதவு திறந்தது. ஆள் வெளியே வந்தான், கோட்டில் ஒரு கரி இல்லை. பாலத்தில் இருந்து லொறி பின்னாலேயே அவனிடம் வந்தது. இதற்கெல்லாம் முதலிலேயே, அவள் கன்னத்தில் இருந்த சொட்டுத் தண்ணீர் மேலே ஏறிக் கண்ணுக்குள் போயிருந்தது. அந்த இடத்தில் நானே வாயைப் பிளந்துவிட்டேன், செய்தவன் நான். பெண்கள் குலவை போட்டார்கள். தப்பு இறங்கியது. வீரய்யா இருந்த துண்டையே முக்காடாகப் போட்டுக்கொண்டு, மீசையோடு, ரதி ஆட்டம் ஆடினார். ஆடி முடித்து மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடித்து, “எழுப்பிட்டடா மருமகனே” என்றார். மருமகனே என்றார், மாமா. ஏழெட்டுப் பேர் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். “ஒங்கப்பா ஆண்டியப்பன் மொதல் ஆளா தட்ட ஏந்திக்கிட்டு வரணும். வந்து, ‘எந்திரிச்சுட்டான்’னு ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும்” என்றார்.

அப்பா மடுவத்தின் பின்னால் டோர்ச்சோடு நின்றார். நான் கிட்டப் போனேன். “டேய், பின்னால ஓட்டினா சாம்பலும் விறகாகும். நாளைக்கு இஸ்டோருக்கு வந்து அப்பிடி ஒருக்கா ஓட்டிக் காட்டு, துரைக்கு விறகுச் செலவு மிச்சம்” என்றார். நீங்க சொல்றது சரிதான்பா, டெக்னிக்கலா அவன் செத்துட்டான் என்றேன். “சரின்னு தெரிஞ்சே ஏன்டா போட்டே?” “பொண்ணு வேணும்.” “அப்ப பொண்ணையும் பின்னால ஓட்டியே கேட்டுக்க. எரிஞ்ச கட்சிக்காரன் வீட்டுல சாப்புட்டுட்டு எரியாத கட்சிக்குப் படம் போட்டுட்ட. நான் வர மாட்டேன்.” அதுதான் அவர் மனிதர்களோடு கடைசியாகப் பேசியது. பெண் வீட்டிலும் இன்று காலையில் இருந்து காற்று மாறி அடிக்கிறது. அழகம்மா, “எந்திரிச்சது சரி, ஆனா முதுகு காட்டிக்கிட்டு வர்றவன் மனுசனா? பேய்தான அப்பிடி வரும்?” என்று கேட்டிருக்கிறார். வீரய்யா யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று சுதர்ஷினி சொன்னாள். அவர் யோசிக்க ஆரம்பித்தால் ஞாயிறு இல்லை, அடுத்த மாசிதான். அவளுக்கு டயகமப் பக்கத்தில் இருந்து இன்னொரு இடமும் வந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு அரசாங்க வேலை. அவன் எந்தப் படமும் போடவில்லை.

அதனால்தான் மாமா, உங்களைக் கேட்கிறேன். முப்பது வருஷக் கூத்திலும் முழிக்காமல் தூங்கிய ஒரே ஆள் நீங்கள், இரண்டு கட்சிக்கும் நீங்கள் ஓட்டுப் போட்டதில்லை. சனிக்கிழமையே பஸ் ஏறுங்கள். அப்பாவிடம் பேசுங்கள், மசியாவிட்டால் தாய்மாமன் முறையில் நீங்களே தட்டை ஏந்தி என் அப்பாவின் இடத்தில் நில்லுங்கள். எனக்கு அந்தப் பெண் வேண்டும். அதை அவளிடம் நான் இன்னும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்லப் போனால் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

அத்தைக்கு என் வணக்கம். மச்சான் தனுஷனுக்கு என் அன்பு, அவனுடைய பழைய லெப்டொப்பை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் தேவை.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மருமகன்
ஆ. கஜேந்திரன்

பி.கு. வெள்ளிக்கிழமை பின்னேரம், வேன் வாசலில் நிற்கிறது. மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஆனால் கிழிக்க நேரமில்லை. ரிஃகான் பகல் வந்து இறங்கி, கடையில் ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தான். “மச்சான், 3ஐ மட்டும் எடுத்துட்டு 4ஐ ஏன் உட்டுட்டுப் போன?” என்று கேட்டான். ‘பழைய யுத்தம் 4’ வேறு படம் இல்லை மாமா, அதே படத்தின் இரண்டாம் பாதி. அந்தக் கறுப்பும் வயலினும் பழுது இல்லை. இடைவேளை. அந்தக் காலத்து நீளப் படங்களில் தேத்தண்ணி குடிக்க விடுகிற நேரத்துக்கு அப்படி இசை வைப்பார்களாம். இடைவேளையில் ஆள் செத்துட்டான் என்று அறிவித்துத் தோட்டத்தை இரண்டாகப் பிரித்தவன் நான். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம், அத்தையிடமும்.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவன் பாலத்துக்குக் கீழே ஆற்றில் இருந்து இருமிக்கொண்டு எழும்பி வருகிறான், முன்பக்கம் பார்த்து நடந்து. கிடங்குக்குப் பின்கதவு இருந்திருக்கிறது. முடிவைத் தட்டிப் பார்த்தேன். யுத்தம் முடியப் போகிற நாளில் லொறியோடு எரிந்து போகிறான், இந்தத் தடவை பிணத்தை எடுத்துப் புதைக்கவும் செய்கிறார்கள். ஆக, இரண்டு கட்சியும் சரி. இதை அப்படியே போட்டுக் காட்டினால் அடுத்த முப்பது வருஷத்துக்கு லாவணிதான். நான் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு முதலில் வீரய்யா வீட்டுக்குப் போனேன். தொடக்கத்துப் பத்து நிமிஷம் காட்டினேன், மூடினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத ஆண்டியப்பன்கிட்ட காட்டாதப்பா. பாவம், நெருப்பையே நம்பி வாழ்ந்த மனுசன், மனசு ஒடைஞ்சிருவாரு. தோத்தவரப் போயி ஒரு வார்த்தை சொல்லச் சொல்றது அழகு இல்ல. சும்மா வந்து ஒக்காரட்டும்” என்றார். அங்கிருந்து இஸ்டோருக்கு ஓடினேன். அடுப்படியில் வைத்து அப்பாவுக்குக் கடைசிப் பத்து நிமிஷம் காட்டினேன், மூடினேன். அப்பா இரண்டு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினார். “பொணம் இருக்கு” என்றார். அடுப்புக்குள் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, “வீரய்யாவுக்கு இது தெரிய வேணாம். முப்பது வருஷம் தாலிய அறுத்து அழுத மனுசன், தாங்க மாட்டாரு. ஞாயித்துக்கெழம நான் வர்றேன். ஒங்கம்மாவத் தட்டக் கழுவி வைக்கச் சொல்லு” என்றார்.

எனவே நீங்கள் அப்பாவின் இடத்தில் நிற்க வேண்டாம். ஆனால் கட்டாயம் வாருங்கள், வேலை மாறியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் உட்காருங்கள். யாராவது ஒருவர் மற்றவரைப் பாவமாகப் பார்த்து, “அந்த லொறிக்காரன்” என்று தொடங்கினால், உடனே தூங்கி அவர் தோளில் சாய்ந்துவிடுங்கள். உங்களால் முடியும்.

இனி நான் செய்யப் போவது:

1. பென் டிரைவையும் ஹார்ட் டிஸ்கையும் அம்மாவின் அரிசி வாளிக்குள் வைப்பேன். ரிஃகான் தாலி ஏறும் வரைக்கும் வாய் திறப்பதில்லை என்று மர்சூக் நானா முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

2. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பின்னால் நடந்து போவேன். முன்பக்கம் பார்த்து.

3. என்னிடம் யார் எதைக் கேட்டாலும் “சரிங்க” என்பேன். தர்க்கப்படி என்று தொடங்க மாட்டேன்.

4. அடுத்த மாசிக்குள் காமன் பொட்டலில் மண் போட்டு நிரவி, படத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும், இடைவேளையோடு போடுவேன். அப்போது சம்பந்திகள் எவ்வளவு வேண்டுமானாலும் பாடட்டும், கல்யாணத்தைப் பின்னால் ஓட்ட முடியாது.

5. தொடக்கத்தை அவள் அப்பா பார்த்தார், முடிவை என் அப்பா பார்த்தார் என்று சொன்னதும், “நடுவுல என்ன இருக்கு?” என்று சுதர்ஷினி கேட்டாள். தெரியாது, நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அதில் அவன் உயிரோடு இருக்கிறான், லொறியில் இரண்டு சீட்டு இருக்கிறது. அதை நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்ப்போம். மைக்கை அவளிடமே கொடுத்துவிடுவேன்.